மது, மாமிசம்: ஒரே மூச்சில் சொல்லாதீர்கள்

"மது மாமிசம் தொடாதவர்" என்று தமிழில் ஒரு நற்சான்றிதழ் உண்டு. மாலை போட்டவரைப் பற்றிச் சொல்வார்கள். தலைவர்களின் இரங்கல் குறிப்பில் எழுதுவார்கள். மாப்பிள்ளை பார்க்கிற இடத்தில் தரகர் சொல்வார். அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் யாரும் மூச்சு விடுவதில்லை. கூலிக் காசைக் குடித்துத் தொலைத்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிப்பதும், ஒரு கிழவி ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ மாட்டுக்கறி வாங்கிப் பேரப்பிள்ளைக்குக் குழம்பு வைப்பதும் ஒரே குற்றப் பட்டியலில் ஏறிவிட்டன. ஏற்றியது யார் என்று கேட்காமலே நாமும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இயக்கத் தோழர்களில் சிலர், பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள், இப்போது ஒரு வாழ்க்கைமுறையைப் பேசுகிறார்கள். குடி, சிகரெட், கஞ்சா எதுவும் கிடையாது. கறி, மீன், முட்டை மட்டுமல்ல, பால், நெய், தேன், தோல் செருப்பு வரை எதுவும் கிடையாது. இவற்றோடு சாதி ஒழிப்புக் களத்தில் முன்வரிசையில் நிற்பது. மனிதன் மேல் நடந்தாலும் மாட்டின் மேல் நடந்தாலும் ஒடுக்குமுறை ஒன்றுதான் என்பது அவர்கள் வாதம். மூத்த தோழர்கள் இதற்குத் தரும் பதில் பெரும்பாலும் ஒரு சிரிப்பு: "என்ன தம்பி, அய்யராகிட்டியா?"

நான் குடிப்பதில்லை. கறியும் பாலும் சேர்ப்பதில்லை. அந்தக் கேள்வி எனக்கும் வந்திருக்கிறது. அதனால் இளைஞர்களுக்காக வக்காலத்து வாங்கப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு தரப்புமே பார்ப்பனியம் கட்டிக் கொடுத்த மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறது. ஒரு தரப்பு அதைத் தலையில் தூக்கிக்கொள்கிறது, மறு தரப்பு முழுசாகத் தூக்கி எறிகிறது. குடியை விடு என்று இயக்கம் தன் ஆட்களிடம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கறியை விடு என்று கேட்க இந்த நாட்டில் எந்தச் சாதி ஒழிப்பு இயக்கத்துக்கும் உரிமை கிடையாது. இதைத்தான் சொல்ல வந்தேன்.

இளைஞர்கள் பேசும் முறைக்கு ஒரு முன்கதை உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் 1980களின் தொடக்கத்தில் பங்க் இசைக் குழுக்களுக்குள் 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' என்ற போக்கு எழுந்தது. 1981இல் மைனர் திரெட் என்ற குழு பாடிய ஒரு பாட்டின் தலைப்பே அந்தப் பெயர். மதுக்கூடங்களில் வயது குறைந்தவர்களுக்குச் சாராயம் ஊற்றக் கூடாது என்பதற்கு அடையாளமாகக் கையில் கறுப்பு மையால் பெருக்கல் குறி போடுவார்கள். ஒதுக்குவதற்காகப் போட்ட அந்தக் குறியையே அந்த இளைஞர்கள் பெருமையாகப் போட்டுக்கொண்டார்கள். போதையை விற்றுத்தான் இளமையை விற்க முடியும் என்றிருந்த சந்தையை அவர்கள் முறைத்துப் பார்த்தார்கள். அதில் எனக்கு மரியாதை உண்டு. 1980களின் கடைசியில் கறி மறுப்பும் பிறகு பால் மறுப்பும் அதோடு சேர்ந்தன. அடுத்து வந்ததைத்தான் நம் தோழர்கள் கவனிக்க வேண்டும். 1990களில் அதிலிருந்து 'ஹார்ட்லைன்' என்று ஒரு கிளை பிரிந்தது. போதை கூடாது, விலங்குப் பொருள் கூடாது என்று தொடங்கி, கருக்கலைப்பு கூடாது, தன்பாலின உறவு இயற்கைக்கு விரோதம் என்று போய் நின்றது. தன் உடம்பைக் காவல் காக்கத் தொடங்கியவர்கள் அடுத்தவர் உடம்புக்குப் போலீஸ் ஆனார்கள். சாதியே இல்லாத ஒரு நாட்டின் இசை அரங்கிலேயே தூய்மை அந்த வேகத்தில் ஓடியிருக்கிறது. தூய்மையை வைத்தே மூவாயிரம் படி கட்டிய நம் ஊரில் அது எங்கே போய் நிற்கும்?

மூட்டையைப் பிரிக்க வெளியூர் போக வேண்டியதில்லை. திருக்குறளின் அதிகார வரிசையைப் பாருங்கள். புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரம், அறத்துப்பாலில், துறவறவியலுக்குள் இருக்கிறது. கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம், பொருட்பாலில், சூதுக்கு முந்தின வீடு. வள்ளுவர் கறியை விடச் சொன்னது துறவியிடம். கள்ளை விடச் சொன்னது நாட்டு நடப்பில், பொதுக் காரியத்தில் இருப்பவனிடம். இரண்டுக்கும் நடுவே அறுபத்தாறு அதிகாரங்கள். "மது மாமிசம்" என்று ஒட்டவைத்தவர்கள் வள்ளுவரைக் கேட்டு ஒட்டவில்லை.

புத்தரும் பிரித்தேதான் வைத்தார். பஞ்சசீலத்தில் ஐந்தாவது, மதி மயக்கும் எதையும் உட்கொள்ளாமை. அது துறவிக்கும் உண்டு, இல்லறத்தாருக்கும் உண்டு. ஆனால் பிக்குகள் வாழ்நாள் முழுவதும் மீனும் இறைச்சியும் தொடக் கூடாது என்று கட்டாய விதி போடும்படி தேவதத்தன் கேட்டபோது புத்தர் மறுத்துவிட்டார். தனக்காகக் கொன்றதைப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகிக்கவில்லை என்றால் பிக்கு இட்டதை உண்ணலாம் என்றார். விநய நூலில் இருக்கும் இந்தக் கதையில், கூடுதல் தூய்மை கேட்டவன்தான் சங்கத்தை உடைத்தவனும் என்பது எனக்கு எப்போதும் சுவாரசியமாகத் தோன்றும்.

அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் கொடுத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பது உண்டு. எல்லா உயிர்களிடமும் கருணை காட்டுவேன் என்பதும் உண்டு. இறைச்சி உண்ண மாட்டேன் என்பது இல்லை. மறதியால் விட்டுப்போனது என்று சொல்ல முடியாது. எட்டு ஆண்டுகளுக்கு முன், 1948இல், தீண்டப்படாதவர்கள் யார் என்று விசாரித்த தன் நூலில், பௌத்தத்தை வெல்வதற்காகப் பார்ப்பனர்கள் மாட்டுக்கறியை விட்டார்கள் என்றும், விடாமல் உண்ட உதிரி மக்கள்மேல் தீண்டாமை விழுந்தது என்றும் எழுதியவர் அவர். கறியை அளவுகோலாக வைத்தால் அந்த அளவுகோல் யார் கையில் போய்ச் சேரும் என்று அவருக்குத் தெரியும். 1927இல் மகாடில் செத்த மாட்டின் கறியை உண்ணாதீர்கள் என்று அவர் சொன்னதை எடுத்துப் போட்டு "அம்பேத்கரே சைவத்தைச் சொன்னார்" என்று சில மேதாவிகள் எழுதுகிறார்கள். ஊரான் வீட்டுச் செத்த மாட்டை இழுக்கும் கட்டாய ஊழியத்தையும், அதற்குக் கூலியாக விழும் கறியையும், வாசலில் நின்று வாங்கும் மிச்சச் சோற்றையும் விடச் சொன்ன பேச்சு அது. காசு கொடுத்து வாங்கிய கறியைப் பற்றி அல்ல.

இனி குடி.

அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன் வரலாற்றில் ஒரு இடம் வரும். கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் இடையே அடிமைகளுக்கு விடுமுறை விடுவார்கள். அந்த நாட்களில் வேலை செய்ய நினைக்கும் அடிமையை முதலாளிக்குப் பிடிக்காது. குடிக்க வேண்டும். யார் அதிகம் குடிப்பார் என்று பந்தயம் கட்டிக் குடிக்க வைப்பார்கள். விடுதலை என்றால் இந்தத் தள்ளாட்டம்தான் போலிருக்கிறது என்று அலுத்துப்போய், ஏர் பிடிக்கத் தானே திரும்பி வருவான் என்பது கணக்கு. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மட்டமான ஒயினாகவே ஊற்றிக் கொடுத்தார்கள். 'டாப்' முறை என்று அதற்குப் பெயர். சட்டம் தடுத்த பிறகும் பல காலம் நடந்தது. தாயின் குடியால் கருவிலேயே பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் அந்தப் பகுதி இன்றும் ஒன்று. நாற்று நடும் நாளில் வரப்பில் கள்ளுப்பானை வைத்த பண்ணையார்களின் கதை நம் தாத்தாக்களிடம் கேட்டால் வரும். குடி கூலியாட்களின் கலாச்சாரம் என்று இன்று பெருமையாக எழுதுகிற தோழர், பானையை வாங்கி வைத்தது யார் என்று ஒரு வார்த்தை விசாரிக்கலாம்.

இன்று பண்ணையார் இடத்தில் அரசு உட்கார்ந்திருக்கிறது. டாஸ்மாக் 1983இல் தொடங்கப்பட்டது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 4,700க்கும் மேற்பட்ட கடைகள். 2023-24இல் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணத்தில்தான் மகளிர் உரிமைத் தொகையும் இலவசப் பேருந்தும் நடக்கின்றன என்று நம்மிடமே வந்து சொல்கிறார்கள். புருஷனிடமிருந்து குவார்ட்டர் குவார்ட்டராகப் பிடுங்கி, மனைவிக்கு மாதம் ஆயிரமாகத் திருப்பித் தருவதற்குச் சமூகநீதி என்று பெயர் சூட்டினால் நாம் கைதட்ட வேண்டுமா? இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பனையேறியின் கள்ளுக்கு 1987 முதல் தமிழ்நாட்டில் தடை. கட்சிக்காரர்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும் நடத்தும் ஆலைச் சரக்குக்கு அரசே கல்லாப்பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது. மரம் ஏறுகிறவன் குற்றவாளி, ஆலை வைத்திருக்கிறவன் தொழிலதிபர்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள், பலர் தலித்துகள். டாஸ்மாக் குவார்ட்டர் கட்டுபடியாகாமல் மலிவான பாக்கெட்டுக்குப் போனவர்கள். கணவன் மனைவி இருவருமே செத்து, பிள்ளைகள் மட்டும் மிஞ்சிய வீடுகள் உண்டு. அரசு தலைக்குப் பத்து லட்சம் அறிவித்தது. அதன் பிறகு விடுதலைச் சிறுத்தைகள் அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் மது ஒழிப்பு மகளிர் மாநாடு நடத்தியபோது, நம் அறிவுஜீவித் தோழர்களில் சிலர் "இது காந்தியம்", "இது ராஜாஜி அரசியல்" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். கூட்டணிக் கணக்கு என்று விமர்சித்தவர்களையாவது புரிந்துகொள்ள முடிகிறது. அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து காந்தியம் என்று சொல்ல ஒரு தனித் தோல் வேண்டும்.

ராஜாஜி பெயரை இழுப்பதால் பெரியாரையும் பேசிவிடுவோம். 1921இல் கள்ளுக்கடை மறியல் ஈரோட்டில் நடந்தபோது தன் தோப்பில் இருந்த 500க்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தவர் பெரியார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியலை முன்னின்று நடத்தினார்கள். பிற்காலத்தில் அதே பெரியார் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்தார். 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் தொடங்கி ராஜாஜி அரசு கொண்டுவந்த மதுவிலக்கு, மேல்சாதி ஒழுக்கத்தைப் போலீஸ் தடியோடு சேர்த்து அனுப்புகிறது என்பது அவருக்குத் தெரிந்தது. அந்த எதிர்ப்பில் எனக்கு உடன்பாடு உண்டு. சட்டம் போட்டால் ரெய்டு எந்தத் தெருவுக்கு வரும், எந்தத் தெருவுக்கு வராது என்று சொல்லத் தேவையில்லை. சேரிக்குள் ஜீப் நுழையும், கிளப்புக்குள் நுழையாது. ஆனால் போலீஸ் வைத்து அடுத்தவனைக் குடிக்க விடாமல் செய்வது வேறு, இயக்கம் தன் ஆட்களிடம் கட்டுப்பாடு கேட்பது வேறு. அரசே தன் மக்களுக்கு ஊற்றிச் சம்பாதிப்பதை நிறுத்து என்று கேட்பது மூன்றாவது. முதலாவதை மறுத்தவர் பெயரைச் சொல்லி மற்ற இரண்டிலிருந்தும் தப்பிக்கும் வித்தையை நம் தோழர்கள் நன்றாகப் பழகியிருக்கிறார்கள்.

கட்டுப்பாடு என்று ஏன் கேட்க வேண்டும்? ஒழுக்கத்துக்காக இல்லை. நம் மாநாடுகள் எப்படி முடிகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். மேடையில் தீர்மானம் வாசித்து முழக்கம் போட்டு, பந்தல் பிரிக்கும்போது ஒரு கும்பல் மெல்ல நழுவும். லாட்ஜ் அறையில் பாட்டில் திறக்கும். அடுத்த மாதப் போராட்டத்துக்கு யார் பொறுப்பு, எந்த மாவட்டச் செயலாளரை மாற்றுவது, யாரோடு மேடை பகிர்வது என்பதெல்லாம் உண்மையில் முடிவாவது அந்த அறையில்தான். அங்கே பெண் தோழர்கள் கிடையாது. இருந்தால் மறுநாள் அவர்களைப் பற்றிப் பேச்சு வரும். கடைசிப் பேருந்தைப் பிடித்து ஊருக்குப் போக வேண்டிய கூலித் தொழிலாளித் தோழரும் அங்கே இல்லை. குடியை விட முயன்று தடுமாறிக்கொண்டிருப்பவர் இருந்தால், அவருக்கு அன்றைக்கே முறியும். மறுநாள் செயற்குழுவில் கை தூக்குவது சடங்கு. குடிப்பது என் தனிமனித உரிமை என்கிறார் தோழர். சரி, உங்கள் வீட்டில், உங்கள் காசில். இயக்கத்தின் முடிவைப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து எடுக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

வழக்கு வருகிற இயக்கம் இது. ஆணவக்கொலை நடந்த ஊருக்கு இரவு பதினோரு மணிக்கு வண்டி எடுக்க வேண்டிவரும். சாதி மறுப்புத் திருமணம் செய்த ஜோடியை விடிவதற்குள் மாவட்டம் தாண்ட வைக்க வேண்டிவரும். அந்த இரவில் போனை எடுக்கிறவர் தெளிவாக இருக்க வேண்டும். வண்டி ஓட்டுகிறவரை வழியில் ஊதச் சொன்னால், ஜோடி அந்தக் காவல்நிலைய வாசலிலேயே மாட்டிக்கொள்ளும். இதற்குத் தத்துவம் ஏதும் வேண்டியதில்லை. அமெரிக்காவின் கறுப்புச் சிறுத்தைகள் கட்சி தன் உறுப்பினர் விதிகளில் கட்சிப் பணியின்போது போதையில் இருக்கக் கூடாது என்று எழுதி வைத்தது. அதே கட்சி 1969இல் ஓக்லண்டில் தொடங்கிய குழந்தைகளுக்கான இலவசக் காலை உணவில் முட்டையும் இருந்தது, இறைச்சியும் இருந்தது. மெக்சிகோவில் ஜபாட்டிஸ்டா கிராமங்களில் மதுத்தடை வந்ததற்குக் காரணம் அந்த இயக்கத்தின் பழங்குடிப் பெண்கள். அவர்கள் சோளத்தையும் கோழியையும் தடை செய்யவில்லை. மூட்டையைப் பிரித்துப் பார்த்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

இப்போது கறிக்கு வருவோம். வீகன் தோழர்களே, உங்கள் வாதத்தின் அறத்தை நான் மறுக்கவில்லை. அந்தத் தட்டில்தான் நானும் சாப்பிடுகிறேன். ஆனால் இந்த நாட்டில் மிருகவதை என்ற சொல் யார் வாயிலிருந்து எப்போது வருகிறது என்று பாருங்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தவர்கள் மாட்டின்மேல் இருந்த கருணையால்தான் அடித்ததாகச் சொன்னார்கள். 2017 மே மாதம் ஒன்றிய அரசு கால்நடைச் சந்தைகளில் வெட்டுக்கு மாடு விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. பசுப் பாதுகாப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர் வைக்கவில்லை, 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சில நாட்களிலேயே இடைக்காலத் தடை கொடுத்தது. அந்த வாரத்தில்தான் சென்னை ஐஐடியில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட மாணவர் ஒருவர் கண்ணில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனார். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே வளாகத்தின் உணவு விடுதியில் சைவத்துக்கு ஒரு வாசல், அசைவத்துக்கு ஒரு வாசல், கை கழுவும் தொட்டிகூடத் தனி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். எதிர்ப்பு வந்ததும் கிழித்தார்கள். மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கும் யோசனையை முதலமைச்சரே மறுத்தார். அங்கே எடை குறைந்து கிடந்தவை பழங்குடிக் குழந்தைகள். இந்தச் சத்தத்துக்கு நடுவில், விலங்கு விடுதலைக்காகக் கறியை விடுங்கள் என்று சேரிக்குள் போய் ஒரு தோழர் பேசினால், கேட்பவரின் காதில் எந்தக் குரல் விழும்? அந்தக் காதின்மேல் பழி போடாதீர்கள்.

அதற்குமேல் உங்களுக்குத் தமிழில் கிடைத்த பெயரையும் பாருங்கள். வீகனுக்கு 'நனிசைவம்' என்று யாரோ மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். சைவத்துக்கும் மேலே ஒரு சைவம். ஏணியை இறக்கச் சொன்னால் உச்சியில் இன்னொரு படி ஆணியடித்திருக்கிறார்கள். தயவுசெய்து அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். வீகன் என்றே சொல்லுங்கள், போதும்.

ஏனென்றால் வீகன் சைவத்தின் மேல்படி கிடையாது. சைவத்தின் எதிரி. இதைத்தான் "அய்யராகிட்டியா" என்று சிரிக்கிற மூத்த தோழர்கள் புரிந்துகொள்ள மறுக்கிறார்கள். எந்த அய்யர் பாலை விட்டார்? எந்த ஆதீனம் நெய்யை விட்டது? பாலாபிஷேகமும் பஞ்சாமிர்தமும் நெய்த்தீபமும் இல்லாமல் அவர்கள் தூய்மை ஒரு நாள் ஓடாது. அந்தப் பால் எங்கிருந்து வருகிறது? மாடு பால் கறக்க வேண்டுமென்றால் கன்று போட வேண்டும். போடும் கன்றுகளில் பாதி கிடாக்கன்று. டிராக்டர் வந்த ஊரில் கிடாக்கன்றுக்கு வேலை இல்லை. கறவை நின்ற மாட்டுக்குத் தீனி போட எந்த விவசாயிக்கும் கட்டாது. இரண்டும் சந்தைக்குத்தான் போகும், சந்தையிலிருந்து எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. எருமைக்கறி ஏற்றுமதியிலும் முன்வரிசையில் நிற்பது அதே இந்தியா. இரண்டுக்கும் மாடு ஒன்றுதான். நெய்ப் பொங்கல் சாப்பிடுகிறவரும் மாட்டுக்கறிச் சுக்கா சாப்பிடுகிறவரும் ஒரே மாட்டைத்தான் பங்கு போடுகிறார்கள். முதல் பங்கு எடுத்தவர் சுத்தம், கடைசிப் பங்கு எடுத்தவர் தீட்டு. நடுவில் வெட்டியவர், உரித்தவர், சுமந்தவர் மூவரும் கொலைகாரர்கள்.

ஆகவே வீகன் தோழர்களுக்குக் களம் இருக்கிறது. அது மாட்டுக்கறிக் கடை வாசலில் இல்லை. கோயில் மடப்பள்ளி வாசலில், கோசாலை வாசலில், "வெஜிடேரியன்களுக்கு மட்டும்" என்று பலகை மாட்டிய வீட்டுக்காரரின் வாசலில் இருக்கிறது. உங்கள் காபியில் என்ன இருக்கிறது என்று அங்கே போய்க் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க உங்களைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. மாட்டுக்கறி உண்ணும் தோழர் கேட்டால் அவர் வாயைத் தீட்டு என்று ஒதுக்கிவிடுவார்கள். உங்களை எதைச் சொல்லி ஒதுக்குவார்கள்?

இன்னொரு களமும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளில் குரோமியத் தண்ணீரில் கால் வைத்து நிற்பவர்கள் யார்? பாலாறு செத்தது எதனால்? 2015 ஜனவரி கடைசி நாள் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோல் செருப்பு போடமாட்டேன் என்று நீங்கள் எடுத்த உறுதி மாட்டுக்காக மட்டும் என்றால் அது பாதி உறுதி. அந்தத் தொழிலாளிக்குக் கையுறையும் நியாயமான கூலியும், வேறு வேலைக்குப் போகும் வழியும் கேட்டுச் சங்கத்தோடு நின்றீர்களா? ஊனாவுக்குப் பிறகு குஜராத் தலித்துகள் செய்ததை நினைத்துப் பாருங்கள். செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் சுரேந்திரநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் போட்டார்கள். உங்கள் தாய்தானே, நீங்களே அடக்கம் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். மாட்டுப் பிணத்தைத் தொடமாட்டேன் என்ற அந்த மறுப்பு, நான் அறிந்த எந்த வீகன் அறிக்கையையும்விட வலுவானது.

கீழிருந்து எழுந்த கறி மறுப்பே கிடையாதா என்று கேட்டால், உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரில் அய்யா வைகுண்டர் கடற்கரையில் கூட்டிய துவையல் பந்தியில் எழுநூறு குடும்பங்கள் கறியை விட்டு, துணி துவைத்து, ஒரே பந்தியில் உண்டன. மார்பை மறைக்க உரிமை கேட்டு அடிவாங்கிய மக்கள் அவர்கள். அதில் மதிக்க வேண்டியது பொதுக் கிணறும் பொதுப் பந்தியும். கறி மறுப்பைத் தனியே பிரித்தெடுத்துக் கொண்டாடியபோதெல்லாம் அது மேலே ஏறும் ஏணியாகத்தான் முடிந்தது. சாதியைச் சாடிய வள்ளலாரே, புலால் உண்போரைப் புறஇனத்தார் என்று ஒரு கோடு போட்டார். அவர்கள் பசியையும் ஆற்ற வேண்டும் என்றும் சொன்னார், அது அவர் பெருமை. ஆனாலும் கோடு கோடுதான்.

நடைமுறைக்கு வருகிறேன். வரும் ஏப்ரல் 14க்கோ டிசம்பர் 6க்கோ நம் பந்தலில் சமைக்கும்போது பெரிய அண்டாவில் மாட்டுக்கறிப் பிரியாணி கிடக்கட்டும். பக்கத்தில் பாலும் நெய்யும் சேராத ஒரு குழம்பும் இருக்கட்டும். வீகன் தோழர்கள் அந்தக் குழம்புக்குத் தனி வரிசை கேட்கக் கூடாது, தனிக் கரண்டி கேட்கலாம். பிரியாணி அண்டா தூக்க ஆள் தேவைப்பட்டால் அவர்களும் ஒரு கை பிடிக்க வேண்டும். கறி தின்கிற தோழர்கள் அவர்கள் இலையைப் பார்த்துச் சாதி விசாரிக்கக் கூடாது. சாப்பாடு முடிந்ததும், அடுத்த ஆறு மாதத்துக்கான பொறுப்புகளை அந்தப் பந்தலிலேயே, பாத்திரம் கழுவுகிற பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகு, பேசி முடிவெடுங்கள். லாட்ஜில் அறை போடுவதானால் தூங்குவதற்கு மட்டும் போடுங்கள்.